மூலம் கெடாமல் உரை திருத்துதல்

நூல் ஒன்றாக இருக்கும். அதற்கு உரை பலவாக இருக்கும். இது தமிழ் கற்ற எவரும் அறிந்த செய்தி. திருக்குறளுக்குப் பரிமேலழகர் உரை வகுத்தார். தொல்காப்பியத்திற்கு இளம்பூரணர் முதலாகப் பலர் உரை வகுத்தனர். மூலம் சுருங்கி நிற்கும். உரை அதனை விரித்துக் காட்டும். இந்த உறவு இலக்கியத்திற்கு மட்டுமே உரியது என்று நாம் எண்ணிவிட வேண்டா. கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரலிலும் மூலம் உண்டு, உரையும் உண்டு. பொறி படித்து நடப்பது மூலம். மனிதன் படிப்பதற்கென்றே எழுதப்பட்டு, பொறியால் கடந்து போகப்படுவது உரை. கணிப்பொறியாளர் அதனைக் 'கமெண்ட்' என்பர். நான் இங்கே 'குறிப்புரை' என்று வழங்குகிறேன்.

அந்தக் குறிப்புரைகளைத் திருத்தி ஒழுங்கு செய்வது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். பொறியே பொருட்படுத்தாத ஒன்றைத் திருத்துவதற்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் நகைக்கலாம். பொறி பொருட்படுத்தாது என்பதே முழு உண்மை அன்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

வேடம் கட்டும் நிரல்

கணிப்பொறியின் நடுநாயகம் செயலி. அது ஓயாமல் செய்வது மூன்றே தொழில்கள். நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுக்கும். அஃது என்ன கட்டளை என்று பிரித்தறியும். பின்பு அதனை நிறைவேற்றும். சிலிக்கன் சில்லில் மின்சுற்றுகள் செய்யும் இம்மூன்று தொழில்களையும் வேறொரு கணிப்பொறியில் ஒரு நிரல் நடித்துக் காட்டுமானால், அந்த நிரலே எமுலேட்டர். எங்கள் சித்தூர்ப் பக்கத்துப் பாரதக் கூத்தில் வேடம் கட்டியவன் விடியும் வரை கர்ணனாகவே நின்று பேசுவான். அதுபோல இந்நிரலும் தான் ஏற்ற செயலியாகவே நின்று கணக்கிடும்.

இதனால் பயன் என்ன? சில்லு கைக்கு வருமுன்பே அதில் ஓட வேண்டிய நிரல்களை எழுதிச் சோதித்துவிடலாம். விலை கொடுத்துப் பலகை வாங்க இயலாத மாணவனும் தன் பழைய மடிக்கணினியிலேயே புதிய செயலி ஒன்றைப் பயிலலாம்.

இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது கியூ-எமு. பிரெஞ்சு நாட்டவரான ஃபாப்ரீஸ் பெல்லார்ட் 2003இல் இதனை வெளியிட்டார். சி மொழியில் எழுதப்பட்ட இதன் மூலத்தை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். இதில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவானது 'சக்தி' என்னும் செயலிக் குடும்பம். ரிஸ்க்-ஃபைவ் என்னும் திறந்த கட்டளைத் தொகுதியைப் பின்பற்றியது அது. 2018இல் அதன் சில்லுகள் இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் முறையிலும், மொகாலியில் உள்ள நம் நாட்டுக் குறைகடத்தி ஆலையின் 180 நானோமீட்டர் முறையிலும் வார்க்கப்பட்டன. அக்குடும்பத்தைச் சேர்ந்த 'சக்தி சி' வகைச் செயலிக்கான பாவனை 2021இல் கியூ-எமுவின் மூலத்திலேயே இடம் பெற்றது. 2025 பிப்ரவரியில், சக்தியை அடிப்படையாகக் கொண்டு விண்வெளிப் பணிக்கென ஆக்கப்பட்ட 'ஐரிஸ்' சில்லைச் சென்னை ஐ.ஐ.டி.யும் இஸ்ரோவும் அறிவித்தன. ராக்கெட்டுகள் புறப்படும் ஸ்ரீஹரிகோட்டா 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது என்பதால், இச்செய்தி எங்களுக்கு அண்டை வீட்டுச் செய்தி போலவே இனித்தது.

இந்த ஊக்கத்தால், திருப்பதியில் பயிலும் சிலரும் சித்தூரிலிருந்து விடுமுறை நாளில் பேருந்தேறி வரும் சிலரும் கூடி, பயிற்சிக்காகச் சிறியதோர் எமுலேட்டர் எழுதினோம். ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைப் பகுதியில் உள்ள 40 கட்டளைகளும், பெருக்கல் வகுத்தல் பகுதியும் அதில் அடங்கும். எழுதிய கைகள் ஏழு. ஆதலால் குறிப்புரையின் நடையும் ஏழு. ஒருவர் // இட்டு எழுதினார். ஒருவர் /* என்று தொடங்கி */ என்று முடித்தார். ஒருவர் குறிப்புரையைச் சுற்றி உடுக்குறிகளால் வேலியே கட்டினார். நிரல் ஓடத் தொடங்கிய பிறகு, கியூ-எமுவின் நடைவிதிகளை முன்மாதிரியாகக் கொண்டு உரைகளை ஒழுங்கு செய்யும் பணி என்னிடம் வந்தது. அப்பணியில் நான் கற்றவற்றையே இங்கே வகைப்படுத்திச் சொல்கிறேன்.

இரண்டு அடையாளங்கள்

நம் ஏட்டுச் சுவடிகளில் மூலமும் உரையும் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடுவதுண்டு. எது செய்யுள், எது உரை என்று பிரித்தெடுப்பதற்கே பெரும்புலமை வேண்டியிருந்தது. நிரல் மொழிகளை ஆக்கியோர் இத்துன்பம் நேராமல், உரை தொடங்கும் இடத்திற்கும் முடியும் இடத்திற்கும் அடையாளம் வைத்தனர்.

சி மொழியில் அவ்வடையாளங்கள் இரண்டு. சாய்கோடும் உடுக்குறியும் சேர்ந்த /* */ என்பது பழையது. சி பிறந்த நாள் முதல் இருப்பது. // என்பதற்கோ விந்தையான வரலாறு உண்டு. 1967இல் மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் உருவாக்கிய பிசிபிஎல் மொழியில் அது வழங்கியது. அம்மொழியின் வழித்தோன்றலான சி அதனைக் கைவிட்டது. சியின் வழித்தோன்றலான சி++ அதனை மீட்டெடுத்தது. 1999ஆம் ஆண்டின் தர வரையறை அதனைச் சி மொழிக்கே திரும்பவும் தந்தது. பாட்டன் வீட்டுப் பொருள் பேரன் வழியாகத் தந்தையிடம் வந்து சேர்ந்த கதை இது.

கியூ-எமுவின் விதி பழைய வடிவையே விரும்புகிறது. // பிழையானது என்பதால் அன்று. எங்கும் ஒரே நடை இருக்க வேண்டும் என்பதால்தான். உரை பல வரிகளுக்கு நீண்டால், தொடக்கக் குறி தனி வரியிலும், முடிவுக் குறி தனி வரியிலும், இடைவரி ஒவ்வொன்றின் முன்னும் ஓர் உடுக்குறியும் நிற்க வேண்டும். ஒரு வரி 80 எழுத்துகளுக்குள் அடங்குவது நலம். இவற்றைப் பார்த்து எச்சரிப்பதற்கு, லினக்ஸ் திட்டத்திலிருந்து பெறப்பட்ட 'செக்பேட்ச்' என்னும் சிறு நிரலும் உண்டு.

ஒரே நடை எதற்கு? திருமலையிலும் திருப்பதியிலும் கோயிற் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் நிறைந்துள்ளன. மங்கலச் சொல், மன்னன் பெயர், ஆட்சியாண்டு, கொடை, அக்கொடையைக் காப்பார்க்குரிய சொல் என்று பெரும்பாலான கல்வெட்டுகள் ஒரு மரபில் செல்லும். பழகியவர் கண் ஆட்சியாண்டு நிற்கும் இடத்திற்கு நேரே செல்லும். ஒவ்வொரு கல்தச்சனும் தன் மனம் போனபடி வெட்டியிருந்தால், ஒவ்வொரு கல்லையும் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலுக்கும் இதுவே நியதி. ஒழுங்கு அழகுக்காக மட்டும் அன்று. படிப்பவனின் நேரத்தைக் காப்பதற்காக.

நன்னூலார் காட்டிய குற்றங்கள்

அடையாளங்களைச் சீர்செய்வது தோலைச் சீவுவது போன்றது. உள்ளே இருக்கும் சொற்களைச் சீர்செய்வதே அரிய பணி. இதற்கு வழிகாட்டும் நூலை நான் தொலைவில் தேடவில்லை. ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூல் வகுத்திருக்கிறது. அவற்றுள் சிலவற்றை நிரலின் குறிப்புரைகளோடு வைத்துப் பார்த்தேன். இதற்கென்றே எழுதியவை போல் பொருந்தின.

முதலாவது, கூறியது கூறல். எண்ணிக்கையை ஒன்றால் கூட்டும் வரிக்கு மேல் 'எண்ணிக்கையை ஒன்றால் கூட்டுக' என்று எழுதுவது இக்குற்றம். மூலமே அதைச் சொல்லிவிட்டது. இத்தகைய உரையை அழித்துவிடலாம்.

அடுத்தது, குன்றக் கூறல். இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஓர் எண்ணைச் சுழியால் வகுத்தால் சில செயலிகள் பிழை என்று கூவி வேலையை நிறுத்திவிடும். இன்டெல் வகைச் செயலிகள் அத்தகையவை. ரிஸ்க்-ஃபைவ் அவ்வாறு நிற்பதில்லை. அதன் விதிநூற்படி, ஈவில் எல்லா பிட்டுகளும் ஒன்றாகிவிடும். குறியுள்ள எண்ணாகப் பார்த்தால் அது −1. மீதியாக வகுபடும் எண்ணே திரும்பி வரும். ஆகவே எமுலேட்டர் எழுதுவோர், வகுக்கும் எண் சுழியா என்று முன்னரே பார்த்து −1ஐத் திருப்பித் தர வேண்டும். அந்த இடத்தில் 'சுழிக்குத் தனி வழி' என்று மட்டும் எழுதினால் போதுமா? விதிநூல் அறியாத ஒருவர் பின்னாளில் வந்து, 'ஒன்றைச் சுழியால் வகுத்தால் −1 வருமா? இது பிழை' என்று திருத்திவிடுவார். 'ரிஸ்க்-ஃபைவ் விதிநூல் இவ்வாறே வரையறுக்கிறது. நிறுத்தம் இல்லை' என்று ஒரு வரி இருந்தால் அவர் கை தயங்கும். 'என்ன' என்பதை மூலம் சொல்லும். 'ஏன்' என்பதை உரைதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, சென்று தேய்ந்திறுதல். கோப்பின் தலைப்பில் நெடிய விளக்கம். நடுவில் அரை வரி. இறுதியில், மிகக் கடினமான பகுதியில், ஒன்றுமே இல்லை. எழுதுவோன் களைத்துப்போன இடமே படிப்போன் திணறும் இடம்.

எல்லாவற்றினும் கொடியது மாறுகொளக் கூறல். உரை ஒன்று சொல்ல, மூலம் வேறொன்று செய்கிறது. சித்தூர்ப் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டியின் பலகையில் 'வேலூர்' என்று எழுதியிருக்க, வண்டி திருத்தணிக்குப் போனால் எப்படி இருக்கும்? பலகையே இல்லாதிருந்தால் நடத்துநரைக் கேட்டாவது ஏறுவோம். பொய்யான பலகை, கேட்க வேண்டும் என்ற எண்ணத்தையே நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது.

அப்படி ஒரு முரண் கண்ணில் பட்டால் என்ன செய்வது? மூலத்திற்கு ஏற்ப உரையை மாற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுவர். நான் அதனை ஒப்பேன். மூலம் பிழையாகவும் உரை சரியாகவும் இருக்கலாம் அன்றோ? முதலில் எழுதியவர் கருத்து உரையில் பிழைத்திருக்க, பின்வந்த கை மூலத்தைக் கெடுத்திருக்கலாம். அப்போது உரையைத் திருத்துவது, குற்றத்தின் சான்றை அழிப்பதாகவே முடியும். 1887இல் சீவகசிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஏடுகள் முரண்பட்டபோது தம் மனம்போல் ஒன்றைத் துடைத்துவிடவில்லை. பல பிரதிகளை ஒப்பிட்டார். பாடபேதங்களைக் குறித்து வைத்தார். நாமும் விதிநூலைத் திறந்து பார்த்து, எது சரி என்று தெளிந்த பின்பே கை வைக்க வேண்டும். மூலமே பிழை என்று தெரிந்தால், அது குறிப்புரைத் திருத்தம் அன்று, வேறு வேலை. அதனைத் தனியே எடுத்து, தனியே சோதித்து, தனியே திருத்த வேண்டும்.

மூலம் கெடும் இடங்கள்

இனி, நான் முன்பு சொன்ன செய்திக்கு வருகிறேன். குறிப்புரையின் வடிவை மாற்றினால் பொறிக்கு ஒன்றும் ஆகாது என்பது பொது விதி. அவ்விதி தவறும் இடங்கள் உண்டு.

ஒன்று: // என்று தொடங்கும் வரியின் கடைசியில் \ என்னும் பின்சாய்கோடு நின்றால், அடுத்த வரியும் அவ்வுரையின் தொடர்ச்சியாகிவிடும். குறிப்புரைக்குள் கோடுகளால் படம் வரைவோர் அறியாமலே இக்குறியில் முடிப்பதுண்டு. அந்த வரியை /* */ வடிவுக்கு மாற்றியவுடன், அதுவரை உறங்கிக் கிடந்த அடுத்த வரி விழித்தெழுந்து கட்டளையாக நடக்கத் தொடங்கும்!

இரண்டு: கோப்புறைகள் பலவற்றை ஒருசேரக் குறிக்க, இரு சாய்கோடுகளின் நடுவே உடுக்குறி வைத்து /*/ என்று எழுதும் வழக்கம் உண்டு. // உரைக்குள் இது தீங்கற்றது. /* */ உரைக்குள் வந்தாலோ, அதில் அடங்கியுள்ள */ என்பதே முடிவுக் குறியாகி, எஞ்சிய சொற்களெல்லாம் மூலத்திற்குள் கொட்டிவிடும்.

மூன்று: பழைய கட்டளைகள் சிலவற்றை வரிதோறும் // இட்டு மறைத்து வைத்திருப்பர். அவற்றுக்குள்ளேயே /* */ உரைகள் இருக்கலாம். சி மொழியில் ஓர் உரைக்குள் இன்னோர் உரை அடங்காது. முழுவதையும் ஒரே உறையில் இட்டால், உள்ளே உள்ள முதல் முடிவுக் குறியிலேயே உறை கிழிந்துவிடும்.

நான்கு: சில உரைகளைக் கம்பைலரும் படிக்கிறது. பல வழிகளாகப் பிரியும் இடத்தில், ஒரு வழி முடியாமல் அடுத்த வழிக்குள் வழுக்கி விழுவது சி மொழியின் இயல்பு. அது வேண்டுமென்றே செய்தது என்று அறிவிக்கும் குறிப்புரையை, 2017இல் வந்த ஜிசிசி 7 முதல் அந்தக் கம்பைலர் தேடிப் பார்க்கிறது. அக்குறிப்பை அழகிய சொற்களால் மாற்றி எழுதினால், அதற்குப் புரியாமல் எச்சரிக்கை எழுப்பும்.

ஐந்து: /** என்று இரண்டு உடுக்குறிகளோடு தொடங்கும் உரைகளிலிருந்து கியூ-எமுவின் விளக்க ஏடுகள் தாமே தொகுக்கப்படுகின்றன. ஓர் உடுக்குறியை 'மிகை' என்று நீக்கினால், ஏட்டில் ஒரு பகுதி காணாமற்போகும். கோப்பின் தலையில் நிற்கும் பதிப்புரிமைக் குறிப்பும் உருவத்தில் குறிப்புரைதான். ஆனால் அது சட்டத்தின் சொல். அதைத் தொடலாகாது.

கெடவில்லை என்று காட்டுவது

திருத்தி முடித்தபின், 'மூலம் மாறவில்லை' என்று வாயால் சொன்னால் போதாது; காட்ட வேண்டும். பழைய நிரலையும் புதிய நிரலையும் கம்பைல் செய்து, விளைந்த இரண்டு கோப்புகளையும் பிட்டுக்குப் பிட்டு ஒப்பிடுவது ஒரு வழி. இதில் ஒரு நுட்பம் உண்டு. கியூ-எமு போன்ற நிரல்களில், நிபந்தனை தவறினால் 'இன்ன கோப்பில் இன்ன வரியில் தவறியது' என்று சொல்லி நிற்கும் காவல் வரிகள் நிறைய இருக்கும். உரை ஒரு வரி நீண்டால் அதற்குக் கீழுள்ள வரி எண்கள் எல்லாம் நகரும். அந்த எண்கள் விளைந்த கோப்பிலும் பதிந்திருப்பதால், மூலம் மாறாவிட்டாலும் இரண்டு கோப்புகளும் வேறுபடும். இது கண்டு மருள வேண்டா. மேக்ரோக்களை விரிக்காமல், குறிப்புரைகளை மட்டும் நீக்கித் தரும்படி கம்பைலரையே ஏவலாம். அவ்வாறு உரை நீங்கிய இரண்டு மூலங்களையும் வெற்றிடம் கருதாமல் ஒப்பிட்டால், ஓர் எழுத்தும் வேறுபடக் கூடாது. நாங்கள் இவ்வழியையே கைக்கொண்டோம்.

இன்னொரு கடமையும் உண்டு. உரைத் திருத்தத்தையும் மூலத் திருத்தத்தையும் ஒரே பொதியில் கட்டக் கூடாது. கியூ-எமுவின் நெறியும் இதுவே: நடையை மட்டும் பெருமளவில் திருத்துவதானால், பொருளில் எந்த மாற்றமும் இல்லாத தனிப் பொதியாக அனுப்புக என்கிறது. நூறு வரி உரைமாற்றத்தின் நடுவே ஒரே ஒரு கட்டளை மாற்றம் ஒளிந்திருந்தால், சரிபார்ப்பவர் கண் அதனைத் தவறவிடும். மேலும், எந்த வரியை யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று காட்டும் வசதி 'கிட்' என்னும் பதிப்புக் காப்பு நிரலில் உண்டு. உரைமாற்றம் பரந்து நிகழ்ந்தால், எழுதியவர் பெயர் மறைந்து திருத்தியவர் பெயரே எங்கும் முன்னிற்கும். அத்தகைய பொதிகளைக் கணக்கில் கொள்ளாமல் தாண்டிப் பார்க்கும் வசதி 2019இல் அதில் சேர்க்கப்பட்டது. உரைத் திருத்தம் தனிப் பொதியாக இருந்தால்தான் அவ்வசதியும் பயன்படும்.

எந்த மொழியில் எழுதுவது?

சித்தூர் மாவட்டம் 1911இல் அமைந்தது. சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. எல்லைகள் மாறினும், இரு மொழிகளும் ஒரே தெருவில் பேசப்படுவது மாறவில்லை. எங்கள் நிரலிலும் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றிலும் குறிப்புரைகள் இருந்தன. எதை வைப்பது என்ற கேள்வி எழுந்தது. சிறிது சூடும் எழுந்தது.

படிப்பவர் யார் என்று பார்த்தே முடிவு செய்தோம். மூலத்தினுள் நிற்கும் சுருக்கமான காண்டிகையுரை, ஏழு பேரும் படிக்கும் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். விரிவான விருத்தியுரையைத் தமிழில் ஒருவரும் தெலுங்கில் ஒருவரும் தனி ஏடுகளாக எழுதட்டும். இதனால் யாரும் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. ஓர் ஆங்கிலக் குறிப்புரையைத் தமிழில் விளக்க முயலும்போது, அது விளங்காத உரையானால் பேனா அங்கேயே நின்றுவிடும். கடன் வாங்கிய சொற்களால் மூடிவைத்த மயக்கமெல்லாம் தாய்மொழியில் வெளிப்பட்டுவிடும். பல உரைகளின் குறையை நாங்கள் கண்டது இந்த உரைகல்லில்தான்.

தமிழ்வழி பயின்று வந்த நண்பர்கள் சிலர், உலகளாவிய நிரல் திட்டங்களில் நமக்கு இடம் ஏது என்று தயங்குவதைக் கேட்டிருக்கிறேன். குறிப்புரைத் திருத்தம் அங்கே நுழைவதற்கு ஒரு சிறிய வாயில். வாயில் சிறியது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாகாது. கருவியை ஏவி ஆயிரம் வரிகளை ஒரே நாளில் மாற்றி அனுப்புவது தொண்டு ஆகாது. அதைச் சரிபார்க்கும் சுமையைப் பிறர் தோளில் ஏற்றுவதே ஆகும். ஒரு கோப்பை எடுங்கள். அதன் மூலத்தைப் படியுங்கள், விதிநூலைப் படியுங்கள், உரையை இரண்டோடும் ஒப்பிடுங்கள். அதன் பின்பு பத்து வரி திருத்தினாலும் போதும். அந்தப் பத்து வரியும் பெயர் தெரியாத ஒருவர்க்கு, ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் இரவில், வழி காட்டி நிற்கும். உரையாசிரியர்களின் வழிவந்த நமக்கு இது புதிய தொழில் அன்று.